கைப்பேசியும் கிராமத்துச் சிறாரும்

ஊராட்சி மன்றக் கட்டடத்தின் முன்னே மாலை வேளையில் மக்கள் கூடி வானொலி கேட்ட காலம் ஒன்றிருந்தது. பெட்டி ஒன்றே, கேட்போர் பலர். உழவர் நிகழ்ச்சி முடிந்தவுடன், "அந்த உரம் நம் மண்ணுக்கு ஆகாது" என்பார் ஒரு பெரியவர். "ஒரு வயலில் இட்டுப் பார்த்தாலன்றோ தெரியும்?" என்று மறுப்பார் மற்றொருவர். வானொலி சொன்னதை ஊர் அப்படியே விழுங்கிவிடவில்லை; மென்று பார்த்தது. இக்குணத்தின் பயனை அறிந்தே, 1956 ஆம் ஆண்டில் அனைத்திந்திய வானொலியும் யுனெஸ்கோ நிறுவனமும் சேர்ந்து, அன்றைய பம்பாய் இராஜ்யத்தில் புணே நகரைச் சார்ந்த ஐந்து மாவட்டங்களில், 150 கிராமங்களைத் தேர்ந்து, வானொலி உழவர் மன்றங்கள் என்னும் சோதனையை நடத்தின. கிராமத்துக்கு ஒரு சிறு குழு, அது கூடி நிகழ்ச்சியைக் கேட்கும், கேட்டதைப்பற்றி விவாதிக்கும், எழுந்த ஐயங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பும். கேட்பது பாதி, விவாதிப்பது பாதி என்பதே அத்திட்டத்தின் உயிர்நாடி.

இன்று அப்பெட்டி சட்டைப் பைக்குள் அடங்கிவிட்டது. கேட்பவர் பலர் கூடியிருந்த இடத்தில் ஒருவர் தனித்திருக்கின்றார். அவரும் பல வேளைகளில் பதினான்கு பதினைந்து வயதுச் சிறுவரோ சிறுமியோ ஆவார். காதில் குமிழைச் செருகிக்கொண்டு திண்ணை மூலையில் அமர்ந்திருக்கும் அப்பிள்ளை என்ன கேட்கின்றது, யார் சொல்லக் கேட்கின்றது என்பதை வீட்டார் அறியார். "அது பொய்யாயிருக்கும், தம்பி" என்று சொல்வதற்குப் பக்கத்தில் ஒருவரும் இலர்.

கிராமப்புறச் சிறாரின் கல்வி நிலையை வீடு வீடாகச் சென்று ஆராயும் 'அசர்' அறிக்கையின் 2024 ஆம் ஆண்டுப் பதிப்பு இதுபற்றிச் சில கணக்குகளைத் தருகின்றது. நாடு முழுவதும் கிராமங்களில் 14 முதல் 16 வயது வரையுள்ள சிறாருள் 82 விழுக்காட்டினர் ஸ்மார்ட்போனை இயக்க அறிந்திருந்தனர். அவர்களுள், ஆய்வாளர் வந்த நாளுக்கு முந்திய ஒரு வாரத்தில் படிப்புக்காக அதனைப் பயன்படுத்தியோர் 57 விழுக்காட்டினர். சமூக ஊடகங்களில் உலவியோர் 76 விழுக்காட்டினர். இவ்விரு எண்களைக் காட்டிலும் என் கவனத்தை ஈர்த்தவை அடுத்து வரும் எண்கள். சமூக ஊடகத்தில் உலவும் அச்சிறாருள், தொல்லை தருபவரைத் தடுக்கவோ அவர்மீது புகார் செய்யவோ வழி அறிந்தவர் 62 விழுக்காட்டினர். தம் கணக்கைப் பிறர் பாராதபடி மறைத்து வைக்க அறிந்தவர் 55 விழுக்காட்டினர். கடவுச்சொல்லை மாற்ற அறிந்தவர் 58 விழுக்காட்டினர். அதாவது, பத்துப் பிள்ளைகள் தெருவில் இறங்கியிருக்க, அவருள் நால்வர் வீட்டுக் கதவைத் தாழிடக் கற்கவில்லை என்பது பொருள்.

ஆகவே, பிள்ளைகள் கையில் கைப்பேசியைக் கொடுக்கலாமா கூடாதா என்று கிராமசபையில் நடக்கும் வாதம், வெள்ளம் வந்தபின் அணை கட்டலாமா என்று கேட்பதை ஒக்கும். 2020 ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கடன் வாங்கியேனும் பிள்ளைக்குக் கைப்பேசி வாங்கித் தருமாறு காலமே பெற்றோரைப் பணித்தது. இனி வேண்டுவது, அதனைக் கையாளும் அறிவு. எழுத்தறிவு என்பது எழுத்துக் கூட்டிப் படிப்பதோடு முடிவதன்று. படித்ததை எடை போடுவதும் அதன் பகுதியே. ஊடக அறிவு என்று இன்று கல்வியாளர் கூறுவது இதைத்தான்.

ஒரு காணொளியின் வரலாறு

இவ்வறிவு இல்லாமையால் விளையும் கேடு எத்தகையது என்பதற்கு 2018 ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளை விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அவ்வாண்டு நம் நாட்டுக் கைப்பேசிகளில் ஒரு காணொளி ஊருக்கு ஊர் பரவியது. தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கின்றனர். மோட்டார் சைக்கிளில் இருவர் வருகின்றனர். ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறந்து விடுகின்றனர். அவ்வளவே. "பிள்ளை பிடிப்போர் நம் பகுதிக்கு வந்துவிட்டனர், எச்சரிக்கை" என்ற வாசகம் உடன் வந்தது. தமிழ்நாட்டில் தமிழில் வந்தது, மராட்டியத்தில் மராத்தியில் வந்தது. காட்சியைக் கண்ட தாய்மார் நடுங்கியதில் வியப்பில்லை.

அக்காணொளி எடுக்கப்பட்ட இடம் பாகிஸ்தானின் கராச்சி நகரம். எடுத்தவர்கள், காணாமற்போன குழந்தைகளைத் தேடித் தரும் ஒரு தொண்டு நிறுவனத்தார். பெற்றோரை எச்சரிப்பதற்காகவே நடிகர்களைக் கொண்டு அவர்கள் அமைத்த விளம்பரப் படம் அது. முழுப் படத்தில், தூக்கிச் சென்றவர்களே சில நொடிகளில் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, கராச்சியில் ஒரு குழந்தையைக் கடத்த ஒரு கணமே போதும் என்ற கருத்தமைந்த அட்டையைத் தூக்கிக் காட்டுவர். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டியெறிந்தனர். நன்மைக்காகச் செய்த படம் நஞ்சாக மாற அந்த ஒரு வெட்டுப் போதுமானதாயிற்று. இதனோடு, வரிசையாகக் கிடத்தப்பட்ட குழந்தைச் சடலங்களின் படங்களும் பரவின. உறுப்புகளுக்காகக் கொல்லப்பட்ட குழந்தைகள் என்று அவற்றின்கீழ் எழுதப்பட்டிருந்தது. அப்படங்கள் மெய்யானவையே, ஆனால், 2013 ஆம் ஆண்டில் சிரியா நாட்டில் நச்சுப் புகையால் மாண்ட குழந்தைகளின் படங்கள் அவை.

விளைவு என்ன? 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தார், வழியில் கண்ட பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தனர். அதனைக் கண்டு ஐயுற்ற கூட்டம் அவர்களைத் தாக்கியது. முதிய பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு ஜூலை 1 ஆம் நாள், மராட்டிய மாநிலம் துளே மாவட்டத்து ரயின்பாடா கிராமத்தில், வாரச் சந்தைக்கு வந்த நாடோடி இனத்தார் ஐவர், ஒரு சிறுமியிடம் பேசினர் என்பதற்காக அடித்தே கொல்லப்பட்டனர். கூட்டம் அவர்களை அடைத்து வைத்து அடித்த இடம் அவ்வூர் ஊராட்சி அலுவலகம் என்பதை, ஊராட்சிப் பணியில் இருப்போர் எவரும் மறத்தல் இயலாது.

குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பதும், வழிப்போக்கரை "எந்த ஊர், ஐயா?" என்று விசாரிப்பதும் நம் கிராமங்களின் இயல்பான பண்புகள். நான்கு வரிச் செய்தி ஒன்று அவ்விரண்டையும் கொலைக்குக் காரணமாக்கியது. அதனை அனுப்பியவர் பெரும்பாலோர் தீயவர் அல்லர். "நம் பிள்ளைகளுக்கு ஆபத்து வராதிருக்கட்டும்" என்ற நல்லெண்ணத்தால் அனுப்பியவர். ஆதலால், தீயோரைத் தண்டிப்பதனால் மட்டும் இந்நோய் தீராது.

இந்நிகழ்ச்சிகளின் பின், வாட்ஸ்அப் நிறுவனம் சில தடைகளை ஏற்படுத்தியது. பிறரிடமிருந்து பெற்று அனுப்பும் செய்தியின் மேலே ஓர் அம்புக்குறி தோன்றலாயிற்று. ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பவியலாது என்ற வரம்பு 2018 இல் இந்தியாவுக்கு வந்தது. இரட்டை அம்புக்குறி தோன்றினால், அச்செய்தி ஐந்து கைகளுக்குக் குறையாமல் மாறி வந்தது என்று கொள்ள வேண்டும். அத்தகைய செய்தியை 2020 ஏப்ரல் முதல் ஒரு வேளைக்கு ஓரிடத்துக்கே அனுப்ப முடியும். இக்குறியின் பொருளை நம் கிராமங்களில் எத்தனை பேர் அறிவர்? ஆயிரம் பேர் அனுப்பிய செய்தியாதலால் உண்மையாகத்தான் இருக்கும் என்று அதனைத் தலைகீழாகப் புரிந்துகொண்டோரையும் நான் கண்டதுண்டு.

வதந்தி வேறு உருவத்தில் 2023 மார்ச்சிலும் வந்தது. தமிழ்நாட்டில் பீகார் மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றனர் என்று, தொடர்பில்லாத வேறு நிகழ்ச்சிகளின் காணொளிகளைச் சேர்த்துப் பரப்பினர். பீகார் அரசு அதிகாரிகள் குழுவொன்று இங்கு வந்து நிலைமையை நேரிற் கண்டறிந்தது. தமிழ்நாட்டுக் காவல்துறை பொய்ச் செய்திகளை மறுத்து வழக்குகளும் பதிந்தது. அதற்குள், இங்குத் தொழில் செய்த எளிய மக்களிடையே அச்சம் பரவிவிட்டது. முன்னதில் நாம் அயலாரைக் கண்டு அஞ்சினோம். பின்னதில் அயலார் நம்மைக் கண்டு அஞ்சினர்.

அயலூரில் விசாரித்தல்

பொய்யைக் கண்டறிவது எப்படி? படத்தை உற்று நோக்கினால் தெரியும் என்று முன்னர்ச் சொல்லி வந்தோம். விரல்கள் ஆறாக இருக்கின்றனவா, நிழல் மாறி விழுகின்றதா என்றெல்லாம் பார்க்கச் சொன்னோம். செயற்கை அறிவுக் கருவிகள் நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்று வரும் இக்காலத்தில் இவ்வுத்தி நெடுநாள் நிலைக்காது. முகமும் குரலும் அச்சாகப் போலி செய்யப்படுகின்றன. அன்றியும், கராச்சிக் காணொளியிலோ சிரியப் படங்களிலோ போலி என்று சுட்ட ஒன்றுமே இல்லை. படம் மெய், அதற்குச் சொன்ன கதை பொய். படத்தையே ஆயிரம் முறை பார்த்தாலும் அப்பொய் வெளிப்படாது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகிய இருவர் 2017 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கு நினைவுகூரத் தக்கது. வரலாற்றறிஞர் 10 பேர், செய்தி சரிபார்க்கும் தொழிலோர் 10 பேர், அப்பல்கலைக்கழக மாணவர் 25 பேர் ஆகியோரிடம் இணையப் பக்கங்களைக் கொடுத்து, எதனை நம்பலாம் என்று கேட்டனர். குழந்தை மருத்துவர் சங்கங்கள் இரண்டின் பக்கங்களும் அவற்றுள் இருந்தன. ஒன்று பல்லாயிரம் உறுப்பினர் கொண்ட பழைய சங்கம். மற்றது அதிலிருந்து கருத்து வேறுபட்டுப் பிரிந்த மிகச் சிறு குழு. பெயர்களோ ஏறக்குறைய ஒன்றே. மாணவரில் பெரும்பாலோர் சிறு குழுவின் பக்கத்தையே நம்பத்தக்கது என்றனர். பேரறிஞர் சிலரும் தடுமாறினர். அவர்கள் அனைவரும் பக்கத்தின் உள்ளேயே நின்று, அதன் அழகையும் எழுத்து நடையையும் மேற்கோள்களையும் ஆராய்ந்தனர். சரிபார்ப்போர் அப்படிச் செய்யவில்லை. பக்கத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, உடனே வெளியேறி, "இச்சங்கத்தைப்பற்றிப் பிறர் என்ன சொல்கின்றனர்?" என்று வேறிடங்களில் தேடினர். குறைந்த நேரத்தில் சரியான விடையும் கண்டனர்.

இதனைக் கற்க நம் கிராமத்தார் ஸ்டான்ஃபோர்டு செல்ல வேண்டுவதில்லை. பெண் கேட்டு வருவோரின் வீட்டு நிலையை நாம் எவ்வாறு அறிகின்றோம்? மாப்பிள்ளை வீட்டாரிடமே, "உங்கள் பிள்ளை நல்லவனா?" என்று கேட்பதுண்டோ? கேட்டால் என்ன விடை வரும் என்பது தெரிந்ததே. அவ்வூருக்கு ஆள் அனுப்புகின்றோம். தேநீர்க் கடையில் விசாரிக்கின்றோம். அடுத்த தெருவில் கொடுத்த பெண்ணிடம் கேட்கின்றோம். பள்ளி ஆசிரியரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்கின்றோம். மாட்டுச் சந்தையில் தரகர் வாயை நம்பாமல் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றோம். இத்துணை எச்சரிக்கையுள்ள சமுதாயம், யாரென்றே தெரியாத ஒருவர் அனுப்பிய செய்தியை மட்டும் விசாரியாமல் உறவினர் குழுவில் இட்டுவிடுவது விந்தையே. காரணம், அச்செய்தி மைத்துனர் எண்ணிலிருந்து வந்தது, மைத்துனரை நம்புகின்றோம். ஆனால் மைத்துனர் அதனை எழுதியவர் அல்லர், கடத்தியவர். சிறார்க்கு முதலில் விளக்க வேண்டியது இவ்வேறுபாடே.

நம் மாணாக்கருக்கு இதனைப் பயிற்றும் முறையும் கடினமன்று. வகுப்பிலோ நூலகத்திலோ ஒரு பொய்ச் செய்தியை எடுத்துக்கொள்க. மேற்கூறிய கராச்சிக் காணொளியின் கதையே போதும். இச்செய்தியை முதலில் சொன்னவர் யார்? எந்த ஊர், எந்த நாள் என்று அதில் இருக்கின்றதா? உண்மையெனில் வேறு யாரெல்லாம் இதனைச் சொல்லியிருப்பர்? இதனைக் கேட்டதும் நமக்கு ஏன் இவ்வளவு கோபமோ அச்சமோ வந்தது? கடைசிக் கேள்வியைப் பிள்ளைகள் மிக விரும்புவர். மிகுந்த பயன் தருவதும் அதுவே. உடம்பு பதறும்போது விரல் தானாக 'அனுப்பு' என்ற பொத்தானை நாடுகின்றது என்பதை ஒருமுறை உணர்ந்த பிள்ளை அடுத்தமுறை சற்று நிற்கும். படத்தை இணையத்தில் கொடுத்து அது முன்னர் எங்கே வெளிவந்தது என்று தேடும் முறையையும், கூகுள் லென்ஸ் முதலிய வசதிகளைக் கொண்டு அரைமணி நேரத்தில் கற்பித்துவிடலாம். ஐயம் தீராவிடின், தமிழ்நாடு அரசு 2023 இல் தொடங்கிய தகவல் சரிபார்ப்பகமும், மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தில் 2019 முதல் இயங்கும் சரிபார்ப்புப் பிரிவும் உள்ளன.

கேரளத்தில் கண்ணூர் மாவட்ட நிர்வாகம், தடுப்பூசி பற்றியும் நிபா காய்ச்சல் பற்றியும் பரவிய வதந்திகளால் பட்ட தொல்லையைக் கண்டு, 2018 இல் ஏறத்தாழ 150 அரசுப் பள்ளிகளில் இத்தகைய பாடத்தை நடத்தியது. மாவட்ட அளவில் குறைந்த செலவில் தொடங்கப்பட்ட முயற்சி அது. நம் ஒன்றியங்களிலும் ஆகாத காரியமன்று. நம் வீடுகளில் பாட்டிக்குக் கைப்பேசிச் செய்தியைப் படித்துக் காட்டுவதும், தந்தைக்குக் காணொளியைப் போட்டுக் காட்டுவதும் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளையே. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் கற்பித்தால் அவ்வீட்டார் அனைவருக்கும் கற்பித்ததாகும்.

ஓயாத சந்தை

பிள்ளைகள் எழாமல் அமர்ந்து குறுங்காணொளி பார்ப்பதைச் சோம்பல் என்று கடிந்துகொள்வோர் பலர். அது முழு உண்மையன்று. இலவசமாகக் காட்சி தரும் நிறுவனங்களுக்கு வருவாய் தருவது விளம்பரம். விளம்பரத்துக்கு வேண்டுவது பார்வையாளரின் நேரம். ஒரு சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எந்தக் கடைமுன் நின்றீர்கள், எத்தனை நொடி நின்றீர்கள், எதைக் கண்டு முகம் திருப்பினீர்கள் என்று ஒருவர் கூடவே நடந்து குறித்துக்கொள்கின்றார். மறுநொடி உங்கள் முன்னே உள்ள கடைகள் மாறுகின்றன. நீங்கள் நின்ற வகைக் கடைகளே வரிசையாக வருகின்றன. சந்தைக்கு முடிவும் இல்லை. ஒரு காட்சி முடியுமுன் அடுத்தது தானே தொடங்குகின்றது. ஆற்றல் மிக்க பொறியாளர் பலர் கூடிச் செய்த அமைப்பு அது. அதன்முன் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் மனவுறுதியை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. பெரியவர்களின் மனவுறுதியையும் அதன்முன் பார்த்துத்தான் இருக்கின்றோம்.

இவ்வமைப்பின் இயல்பைப் பிள்ளைக்கு விளக்கிச் சொன்னாலே பாதி விடுதலை கிடைக்கும். தானே ஓடும் காணொளியை நிறுத்தி வைப்பது, அறிவிப்பு மணிகளை அணைப்பது, இரவில் கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே மின்னேற்ற வைப்பது ஆகியவை எளிய வழிகள். கடைசியிற் சொன்னது தந்தைக்கும் தாய்க்கும் சேர்த்தே விதியாக இருத்தல் வேண்டும், இல்லையேல் எடுபடாது.

அரசுகளும் வாளாவிருக்கவில்லை. இந்தியாவின் 2023 ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரைக் குழந்தைகள் என்றே கொண்டு, அவர்களுடைய தரவுகளைப் பெறப் பெற்றோர் இசைவு வேண்டும் என்றும், அவர்களைப் பின்தொடர்ந்து நோட்டமிடுவதும் குறி வைத்து விளம்பரம் செய்வதும் கூடா என்றும் கூறுகின்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. படிப்படியாக நடைமுறைக்கு வருவன. ஆஸ்திரேலியா 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதையே 2025 டிசம்பர் 10 முதல் தடை செய்துவிட்டது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நம் நாடாளுமன்றம் 2025 இல் சட்டத்தால் விலக்கியது. சட்டம் வேலியாகும். ஆனால், பிறந்த ஆண்டை மாற்றி எழுதத் தெரியாத பிள்ளை எந்த ஊரிலும் இல்லை.

அஞ்சும் பிள்ளை

இக்கட்டுரையில் மிக முக்கியம் என்று நான் கருதும் செய்திக்கு வருகின்றேன்.

முகமறியாத ஒருவர் நட்பாகப் பேசத் தொடங்குகின்றார். தானும் அதே வயது, அடுத்த மாவட்டத்துப் பள்ளி என்கின்றார். சில வாரங்களில் ஒரு படம் கேட்கின்றார். பிறகு வேறு விதமான படம் கேட்கின்றார். அனுப்பிய மறுகணம் குரல் மாறுகின்றது: பணம் அனுப்பு, இல்லையேல் இதனை உன் வகுப்பாருக்கெல்லாம் அனுப்புவேன். ஆண் பிள்ளைகளும் இவ்வலையில் சிக்குகின்றனர் என்பதைப் பெற்றோர் அறிதல் வேண்டும். சில வேளைகளில் பிள்ளை ஒன்றுமே அனுப்பியிராது. விழாவில் எடுத்த சாதாரணப் படத்தைக் கொண்டே போலிப் படம் செய்து மிரட்டுகின்றனர். பள்ளி விழா, அரசு விழாப் படங்களில் பிள்ளையின் பெயர், வகுப்பு, ஊர் எல்லாவற்றையும் சேர்த்து எல்லோரும் காண வெளியிடும் வழக்கத்தை நாம் கைவிடுதல் நலம்.

அந்நிலையில் பிள்ளை முதலில் எண்ணுவது யாது? "வீட்டில் சொன்னால் என்ன நடக்கும்?" என்பதே. மகனெனில் அடி, மகளெனில் கைப்பேசி பறிபோகும், அத்தோடு பள்ளியும் பறிபோகலாம், அவசரமாக ஒரு மாப்பிள்ளையும் பார்க்கப்படலாம். மேற்சொன்ன 'அசர்' அறிக்கையில், ஸ்மார்ட்போனை இயக்க அறிந்த அவ்வயதுச் சிறுவருள் 36 விழுக்காட்டினர் தமக்கெனக் கைப்பேசி உடையவர். சிறுமியருள் 27 விழுக்காட்டினரே. கிடைத்ததும் குறைவு, அதுவும் எப்போது பறிக்கப்படுமோ என்ற அச்சம் வேறு. ஆகவே பிள்ளை வாய் திறப்பதில்லை. மிரட்டுபவருக்கு வேண்டுவதும் அவ்வாய் மூடியிருப்பதே. அவருடைய முதலீடு முழுவதும் அந்த அச்சத்தில்தான் இருக்கின்றது. பெற்றோரின் கடுமை, அவர்கள் விரும்பாமலே, அவருக்குத் துணையாகின்றது. இது பற்றி வாய் விட்டுச் சொல்ல அஞ்சியே உயிரை விட்ட சிறார் உண்டு.

ஆதலால் வீட்டில் ஒரு வாக்குறுதி முன்கூட்டியே கொடுக்கப்பட வேண்டும்: "கைப்பேசியில் எது நடந்தாலும் எங்களிடம் சொல். சொன்னதற்காகப் படிப்பை நிறுத்த மாட்டோம். கைப்பேசியைப் பிடுங்க மாட்டோம்." தொல்லை வந்தபின் இதனைச் சொல்வதால் பயனில்லை. அப்பொழுது பிள்ளை நம்பாது.

செய்ய வேண்டுவன சில. பணம் கொடுக்கலாகாது, ஒருமுறை கொடுத்தால் மறுமுறை கேட்பர். அச்சத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடக் கூடாது. மிரட்டிய செய்தி, எண், கணக்கின் பெயர், நாள், நேரம் ஆகியவை ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கட்டும். அதன் பிறகு அந்த எண்ணைத் தடை செய்யலாம். 1098 குழந்தைகள் உதவி எண். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. பணம் இழந்திருப்பின் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். எவ்வளவு விரைவாகத் தெரிவிக்கின்றோமோ அவ்வளவுக்குப் பணம் வங்கியிலேயே தடுத்து நிறுத்தப்பட வாய்ப்புண்டு. 18 வயதுக்குட்பட்டோரின் படம் இணையத்தில் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவச ஏற்பாடு 2023 முதல் இருக்கின்றது. அதற்குப் படத்தை எவருக்கும் அனுப்ப வேண்டுவதில்லை; படத்தின் கைரேகை போன்ற ஓர் எண்குறி மட்டும் கைப்பேசியிலிருந்து செல்லும்; அத்திட்டத்தில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் அக்குறியுடைய படத்தைத் தம் தளங்களில் கண்டால் நீக்கும்.

சட்டம் பிள்ளையின் பக்கமே நிற்கின்றது என்பதையும் பெற்றோர்க்கு எடுத்துரைக்க வேண்டும். குழந்தைகளின் ஆபாசப் படங்களை உண்டாக்குவதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறையும் பத்து இலட்சம் ரூபாய் வரை அபராதமும் தரத்தக்க குற்றம். 2012 ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம், பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி ஆகியவற்றைச் செய்திகளில் வெளியிடுவதைத் தடுக்கின்றது. "ஊருக்குத் தெரிந்துவிடுமே" என்ற தயக்கமே பலரைக் காவல் நிலையப் படியேறாமல் தடுப்பதால், இவ்விதியை மட்டுமாவது மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்லுதல் நலம்.

ஊராட்சி செய்யக்கூடியவை

ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகின்றது. குடிநீர், சாலை, வீட்டு வரி ஆகியவற்றுக்கிடையே ஒரு கூட்டத்தில் அரைமணி நேரத்தை இப்பொருளுக்கு ஒதுக்கலாம். அங்குச் சொற்பொழிவு வேண்டா. அண்மையில் ஊரில் பரவிய ஒரு வதந்தியை எடுத்து, அது எங்கிருந்து வந்தது என்று எல்லோருமாகப் பின்னோக்கிச் செல்லலாம். பெரும்பாலும் மூன்றாவது ஆளுக்கு மேல் தடம் அறுந்துவிடும். அதுவே போதிய பாடம். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு பல இடங்களில் பதிவேட்டில் மட்டும் கூடுவதாகக் கேள்வி. அக்குழுவில் பிள்ளைகள் தயங்காமல் அணுகக்கூடிய ஒரு பெண்மணியையும் ஓர் இளைஞரையும் குறிப்பிட்டு, அவர்கள் பெயரைப் பள்ளியில் அறிவிக்க வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர், நூலகர், ஓய்வுபெற்ற ஆசிரியர் எனத் தகுதியுடையோர் இல்லாத ஊர் இல்லை.

நூலகத்தில் வாரம் ஒரு மாலை, அன்றைய வானொலி மன்றங்களைப் போலவே, பத்துப் பதினைந்து பிள்ளைகள் கூடித் தாம் அவ்வாரம் கண்ட ஒரு காணொளியை ஒன்றாகப் பார்த்து விவாதிக்கட்டும். தலைமை தாங்கப் பெரியவர் வேண்டியதில்லை. பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி போதும். இணைய வசதியில் நம்மைவிட அவர்கள் தேர்ந்தவர்கள். உலக வழக்கில் நாம் சற்றுத் தேர்ந்தவர்கள். இரண்டும் சேருமிடம் அது.

1098, 1930 ஆகிய எண்களை ஊராட்சிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதுவது வழக்கம். அதனோடு, பள்ளிக் கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் சிறிய எழுத்தில் எழுதி வைக்குமாறு தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கின்றேன். தெருச்சுவரில் உள்ள எண்ணை, துன்பத்தில் இருக்கும் பிள்ளை நின்று படிக்காது. யாரேனும் பார்ப்பர் என்று அஞ்சும். கதவின் உட்புறத்தில் எழுதினால் தனியாக நின்று மனப்பாடம் செய்துகொள்ளலாம். ஒரு பள்ளிக்கு ஆகும் வண்ணச் செலவு நூறு ரூபாய்க்கு மேற்படாது. ஊராட்சிப் பொது நிதியிலிருந்தே அதனைச் செய்து தரலாம்.